அம்மாவுக்குத் தெரியாத வரவு

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 52. அப்பா இறந்தபின் கடையைப் பார்த்துக்கொண்டு, தம்பியைப் படிக்கவைத்தவன் நான். ஆறு வருடங்களுக்கு முன் சீட்டுப் பணம் நான்கு லட்சத்தை எடுத்துக்கொண்டு இரவோடு இரவாகப் போய்விட்டான். சீட்டுக் கட்டியவர்கள் கடை வாசலில் நின்று பேசிய பேச்சையெல்லாம் நான்தான் வாங்கிக்கொண்டேன். மனைவியின் வளையல்கள் போயின. படிக்கவைத்தவன் நான் என்பது யாருக்கும் நினைவில்லை.

சென்ற மாதம் எங்கள் ஆயர் பிலேமோன் நிருபத்தை, அதாவது அப்போஸ்தலர் பவுல் பிலேமோன் என்பவருக்கு எழுதிய வேதாகமக் கடிதத்தை, பிரசங்கித்தார். ஓடிப்போன தன் அடிமை ஒநேசிமுவைப் பிலேமோன் ஏற்றுக்கொண்டதுபோல நாமும் மறந்து மன்னிக்க வேண்டுமாம். என்னையே பார்த்துச் சொன்னார். அம்மாதான் ஓதியிருப்பார். 80 வயதில், ‘எங்கே பட்டினி கிடக்கிறானோ’ என்று இரவெல்லாம் ஜெபம். (ஒரு வருடமாக மாதம் மூவாயிரம் என் வங்கிக் கணக்கில் போட்டுவருகிறான். நான்கு லட்சத்துக்கு அது எந்த மூலைக்கு? யாரிடமும் சொல்லவில்லை.) ஏமாற்றியவனுக்கு ஜெபம், ஏமாந்தவனுக்குப் பிரசங்கம்! படிக்கவைத்ததற்கு இதுதானா பலன்? வேதத்தில் என் பக்கம் பேச ஒரு வசனமும் கிடையாதா?

பெயர் வெளியிட விரும்பாதவன்

அன்புள்ள சகோதரருக்கு,

உண்டு, அதே நிருபத்தில். மொத்தமே 25 வசனங்கள்தான். 18-ஆம் வசனத்தைப் பாருங்கள். நடந்ததை மறந்துவிடு என்று பவுல் எழுதவில்லை. அவன் உமக்குக் கடன்பட்டிருந்தால் ‘அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்’ என்கிறார். நானே செலுத்தித் தீர்ப்பேன் என்று, சிறையில் கிடக்கும் மனிதர் தன் கைப்பட எழுதிக்கொடுக்கிறார். பிலேமோன் ஏற்றுக்கொண்டாரா என்பது நிருபத்தில் இல்லை. அது உங்கள் ஆயர் சேர்த்துக்கொண்டது. இதில் புதுமையும் இல்லை. இதே நிருபத்தைக் காட்டித்தான் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், தப்பி வந்த அடிமைகளை எசமானர்களிடமே திருப்பி அனுப்பலாம் என்று வாதாடினார்கள். ஆக, உங்கள் நஷ்டம் நஷ்டம்தான்.

ஆனால் என்னை நிறுத்தியது அந்த அடைப்புக்குறி. போன நான்கு லட்சம் தெருவுக்கே தெரியும். வந்த பணம் உங்களுக்கு மட்டும் தெரியும். அற்பத் தொகை என்றால் ஏன் ஒளிக்க வேண்டும்? தம்பி ஓடிப்போனவனாகவே இருக்கும்வரை நீங்கள் வஞ்சிக்கப்பட்ட அண்ணன். கடனை அடைப்பவனாக அவன் மாறிவிட்டால் அந்த இடம் பறிபோகும். இத்தனை பேச்சுக் கேட்ட பிறகு உங்களுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான் என்பது எனக்குப் புரிகிறது.

அதற்கு விலை கொடுப்பவர் அம்மா. மகன் உயிரோடு இருக்கிறான், சம்பாதிக்கிறான் என்று தெரிந்துகொண்டே, அவன் பட்டினியை நினைத்துப் புலம்பும் தாயைப் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறீர்கள். இது தம்பி செய்த அநியாயம் அல்ல.

பவுல் பிலேமோனுக்கு மட்டும் எழுதவில்லை. அப்பியாளுக்கும் அர்க்கிப்புவுக்கும் அந்த வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே எழுதினார். தனியாகப் படித்துவிட்டு மடித்துப் பெட்டியில் போட்டுக்கொள்ள முடியாத கடிதம் அது.

தம்பியை வீட்டுக்கு அழையுங்கள் என்று சொல்லமாட்டேன், மன்னிப்புக்கும் அவசரமில்லை. இன்றிரவு ஜெபத்துக்கு முன் வங்கிப் புத்தகத்தோடு அம்மா அருகில் உட்காருங்கள். ஒவ்வொரு வரவையும் தேதியோடு வாசித்துக் காட்டுங்கள். பாக்கி எவ்வளவு என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.