கடைக்காக வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரி திரும்ப வருமா?

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள ஸ்கார்பரோவில் பலசரக்குக் கடை நடத்திவந்த நாங்கள், இப்போது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் சரே நகரில் கடை திறக்கவிருக்கிறோம். ஒன்ராறியோவில் எச்எஸ்டி என்ற ஒருங்கிணைந்த விற்பனை வரி ஒன்றுதான். இங்கே ஜிஎஸ்டி (மத்திய அரசின் சரக்கு, சேவை வரி), பிஎஸ்டி (மாகாண விற்பனை வரி), சுற்றுச்சூழல் கட்டணம் என்று ரசீதில் தனித்தனியாக வருகின்றன. இவற்றில் எது எங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்? (வாசகி, சரே)

பதில்: ஒன்ராறியோவின் 13 சதவீத எச்எஸ்டியில் மத்திய அரசின் 5 சதவீதமும் மாகாணத்தின் 8 சதவீதமும் சேர்ந்திருப்பதால், கடைக்கென்று நீங்கள் வாங்கிய குளிரூட்டிக்குக் கட்டிய வரி முழுவதையும் கணக்குக் காட்டித் திரும்பப் பெற முடிந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவும் 2010 ஜூலையில் அதே முறைக்கு மாறியது. ஆனால் 2011இல் நடந்த பொது வாக்கெடுப்பில் மக்கள் அதை நிராகரித்ததால், 2013 ஏப்ரல் 1 முதல் 7 சதவீத பிஎஸ்டி தனி வரியாகத் திரும்பி வந்தது. இப்போது அதே குளிரூட்டியை வாங்கினால் 5 சதவீத ஜிஎஸ்டி மட்டுமே திரும்ப வரும். அலமாரி, தராசு, கணினி என்று கடையின் பயன்பாட்டுக்காக வாங்குபவற்றுக்குக் கட்டும் பிஎஸ்டி உங்கள் செலவாகவே நின்றுவிடும். முதலீட்டைத் திட்டமிடும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோ வியாபாரியிடம் வாங்கினால் இது தப்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். அவர் பிஎஸ்டி வாங்காவிட்டால், அதை நீங்களே கணக்கிட்டு மாகாணத்துக்குச் செலுத்த வேண்டும்.

மறுவிற்பனைக்கான சரக்கின் நிலை வேறு. உங்கள் பிஎஸ்டி பதிவு எண்ணைக் கொடுத்தால் மொத்த வியாபாரி அந்த வரியை வாங்க மாட்டார். ஆனால் அந்தச் சரக்கிலிருந்து ஒரு மிக்ஸியை வீட்டுக்கு எடுத்துச் சென்றாலும் அதற்குரிய பிஎஸ்டியை நீங்கள் கட்டியாக வேண்டும். பலர் கவனிக்கத் தவறும் இடம் இது.

அரிசி, பருப்பு, காய்கறி போன்ற உணவுப் பொருள்களுக்கு பிஎஸ்டி இல்லை. இனிப்பூட்டிய சோடா வகைகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் உண்டு. போத்தலுக்கு வாங்கும் 10 சென்ட் வைப்புத்தொகை, போத்தலைத் திருப்பித் தருபவருக்குக் கிடைக்கும் பணம் என்பதால் அதன்மேல் பிஎஸ்டி கிடையாது.

சுற்றுச்சூழல் கட்டணம் என்பது அரசு விதிக்கும் வரி அன்று. பழைய பொருள்களைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் செலவுக்காக, மாகாண விதிமுறையின்கீழ் இயங்கும் தொழில்துறை அமைப்புகள் அதை நிர்ணயிக்கின்றன. ஆயினும் வரிக்குரிய பொருளோடு வசூலிக்கும்போது அது விலையின் பகுதியாகிவிடுகிறது. ஒரு மிக்ஸியின் விலை 200 டொலர், கட்டணம் 1 டொலர் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், இரண்டு வரிகளும் 201 டொலருக்கே கணக்கிடப்படும்: ஜிஎஸ்டி 10.05, பிஎஸ்டி 14.07, மொத்தம் 225.12 டொலர். ஜிஎஸ்டியைச் சேர்த்த தொகைமேல் பிஎஸ்டி போட்டு வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கிவிடாதீர்கள்.

சுற்றுச்சூழல் கட்டணத்தைக் கார்பன் வரியோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். 2008இல் தொடங்கிய அந்த வரி எரிபொருளுக்கு உரியது. நுகர்வோர் கட்டிவந்த அது 2025 ஏப்ரல் 1 அன்று நீக்கப்பட்டது.

பிஎஸ்டி பதிவைக் கடை திறப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஆண்டு விற்பனை 10,000 டொலருக்கு மேற்படாத சிறு விற்பனையாளருக்கான விலக்கு, நிலையான கடை வைத்திருக்கும் உங்களுக்குப் பொருந்தாது.