கலைஞர்களால் ஒரு பகுதி எப்படி மீண்டும் உயிர் பெறுகிறது?

ஆள் நடமாட்டம் குறைந்து வீடுகள் பூட்டிக் கிடக்கும் பகுதிக்கு ஓவியர், சிற்பி, நாடகக்காரர் என யாராவது வந்து, அங்கிருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு அதை மறுபடி புழங்க வைப்பதுதான் விஷயம்.

ஏன் கலைஞர்கள்? முதல் காரணம் சாதாரணமானது: அவர்களுக்குப் பெரிய இடம் குறைந்த வாடகைக்கு வேண்டும். அப்புறம் ஒத்திகை, கண்காட்சி, பட்டறை என்று அக்கம்பக்கத்தார் ஒன்றுகூட ஒரு சாக்கு கிடைக்கிறது. முகம் பழகினால் பேச்சு வரும். எரியாத தெருவிளக்கைப் பற்றியும் பேச்சு வரும். அடிபம்பில் தண்ணீர் ஏறாவிட்டால் மேலே ஒரு சொம்பு ஊற்றி அடிப்போமே, கலைஞர்கள் அந்த முதல் சொம்பு. தண்ணீர் ஏற்கெனவே கீழே இருக்கிறது.

அமெரிக்காவின் ஹூஸ்டனைப் பாருங்கள். ஓவியர் ரிக் லோவிடம் ஒரு பள்ளி மாணவர், எங்கள் பிரச்சினைகள் எங்களுக்கே தெரியும், கலைஞரான நீங்கள் ஏன் தீர்வை உருவாக்கக் கூடாது என்று கேட்டாராம். குத்தலான கேள்விதான்! 1993-இல் லோ உட்பட ஏழு கறுப்பினக் கலைஞர்கள் தேர்ட் வார்டு பகுதியில் பாழடைந்த 22 சிறு வீடுகளைச் செப்பனிட்டு 'ப்ராஜெக்ட் ரோ ஹவுசஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். சில வீடுகளில் கலைப்படைப்புகள். சிலவற்றில் குழந்தையோடு படிப்பைத் தொடரும் இளம் தாய்மார்கள்.

சுவரெல்லாம் வண்ணம் தீட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வீடுகள் யார் கையில் இருக்கின்றன என்பதைக் கவனிக்காவிட்டால், பகுதி அழகானதும் வாடகை ஏறி, பழைய குடித்தனக்காரர்களோடு அந்தக் கலைஞர்களும் காலி செய்ய வேண்டிவரும்.