இரும்புக் குறியும் ஈயக் குண்டும்: வாசகர் கேள்வி பதில்

(அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். இங்கே இருப்பவர்கள் முயல வேண்டாம்.)

கேள்வி: கட்டட வேலையில் மிஞ்சிய அரை அங்குலத் தகடு கிடக்கிறது. வெட்டி, குறியாகத் தொங்கவிட்டு ரைஃபிளால் சுடலாமா?
– டெக்சாஸ் வாசகர்

பதில்: கூடாது. சாதா இரும்பில் ரைஃபிள் குண்டு குழி போடும். அடுத்த குண்டு அந்தக் குழியில் பட்டால், சிதறல் சுட்டவர் பக்கமே திரும்பும். தகட்டின் முகம் வழவழவென்று தட்டையாக இருந்தால்தான் குண்டு நொறுங்கி, தகட்டை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் தெறிக்கும். அதற்குத்தான் ஏஆர்500 என்னும் கடினப்படுத்திய எஃகுத் தகடு. உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் அது சுமார் 500. சாதா இரும்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. கனம் 3/8 அங்குலம் வாங்குங்கள்.

அதிலும் நொடிக்கு 3,000 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் குண்டு பட்டால் பள்ளம் விழும். ஆகவே ரைஃபிளுக்குக் குறைந்தது 100 கெஜம், கைத்துப்பாக்கிக்கு 10 கெஜம் தள்ளி நிற்க வேண்டும். குண்டில் காந்தம் ஒட்டினால் அதன் உறையிலோ உள்ளேயோ இரும்பு இருக்கிறது என்று பொருள். அது இரும்புக் குறிக்கு ஆகாது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சிதறல் போவதே அவர்கள் பக்கம்தான்.

கேள்வி: ஏஆர்500 தகட்டைக் கேஸ் கட்டரால் வட்டமாக வெட்டி, பின்னால் கொக்கி வெல்டிங் வைக்கலாமா?
– ஒஹாயோ வாசகர்

பதில்: இரண்டுமே தகட்டைக் கெடுக்கும். சூடேறிய இடம் கடினம் இழந்து, சாதா இரும்பு மாதிரியே குழி விழும். லேசர் அல்லது வாட்டர்ஜெட்டில் வெட்டித் தரச் சொல்லுங்கள். துளையையும் அங்கேயே போட்டு வாங்கிவிடுங்கள். வீட்டில் இருக்கும் சாதா டிரில் பிட் இதில் இறங்காது, முனைதான் மழுங்கும்.

மாட்டுவதற்கு, தலை உருண்டையாகவும் கழுத்து சதுரமாகவும் இருக்கும் கேரியேஜ் போல்ட் போதும். உருண்டைத் தலையில் பட்ட குண்டு வழுக்கிப் போகும். அறுகோணத் தலை விளிம்பு காட்டி நிற்கும். தகட்டின் மேல்பக்கம் சுடுபவரை நோக்கி 20 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருந்தால் சிதறலில் பெரும்பகுதி தரையில் இறங்கிவிடும். வெறும் சங்கிலியில் நேராகத் தொங்கவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: கார் சக்கரத்தில் பொருத்தும் பழைய எடைக்கட்டிகளை உருக்கி 9 மில்லிமீட்டர் குண்டு வார்க்கிறேன். சில நாள் சுருக்கம் விழுகிறது. ஒரு முறை உருகியதே கஞ்சி மாதிரி திரண்டுவிட்டது. ஏன்?
– கலிஃபோர்னியா வாசகர்

பதில்: சுருக்கம் விழுந்தால் அச்சு சூடு போதவில்லை, அல்லது உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. கழுவி, சூடேற்றி, முதலில் விழும் குண்டுகளை மறுபடி சட்டியிலேயே போடுங்கள். மாறாகக் குண்டு பளபளப்பு இழந்து வெளுத்திருந்தால் சூடு கொஞ்சம் அதிகம். சுடுவதற்குக் கெடுதல் இல்லை. அடிப்பக்க விளிம்பு மழுங்கினால் மட்டும் ஒதுக்கிவிடுங்கள், குறி தவறும். சூடு சரியாக இருந்தும் அச்சு நிரம்பவில்லையென்றால் 2 சதவீதம் வெள்ளீயம் சேருங்கள்.

திரண்டதற்குக் காரணம் துத்தநாகம். உங்கள் மாநிலத்தில் ஈய எடைக்கட்டிகளுக்கு 2010 முதல் தடை, ஆகவே துத்தநாகக் கட்டிகளும் கலந்து வரத்தான் செய்யும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் 419இல். சட்டியை 370க்குள் வைத்தால் துத்தநாகக் கட்டி உருகாமல் மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். வெப்பமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

உருகிய ஈயத்தில் ஈரக்கட்டியைப் போடவே போடாதீர்கள். தண்ணீர் நொடியில் ஆவியாகிச் சட்டியையே முகத்தில் அடிக்கும். புதிதாகச் சேர்க்கும் கட்டிகளைக் காலிச் சட்டியில், குளிர்ந்த நிலையிலிருந்தே சூடேற்றுங்கள்.

வார்த்த குண்டு குழலின் உள்விட்டத்தைவிட ஆயிரத்தில் ஓர் அங்குலம் பெரிதாக இருக்கட்டும். 9 மில்லிமீட்டருக்குப் பொதுவாக 0.356 அங்குலம். சின்னதாக இருந்தால் வாயு பக்கவாட்டில் கசிந்து, குழலில் ஈயம் படியும்.

கேள்வி: ஈயப் புகைக்குப் பயந்து முற்றத்தில்தான் உருக்குகிறேன். அது போதுமா?
– அரிசோனா வாசகர்

பதில்: காற்றோட்டம் நல்லதுதான். ஆனால் இந்தச் சூட்டில் ஈய ஆவி மிகக் குறைவு. பெரிய ஆபத்து, மேலே மிதக்கும் கசடு தூளாகிக் கையிலும் செருப்பிலும் ஒட்டி வீட்டுக்குள் வருவது. கசட்டை மூடிய டப்பாவில் வையுங்கள். சமையல் பாத்திரமோ அடுப்போ இதற்கு வேண்டாம். வார்த்த குண்டுக்குப் பவுடர் கோட்டிங் (சூட்டில் உருகி ஒட்டும் பொடிப் பூச்சு) போட்டுச் சூடேற்றவும் தனி ஓவன். வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ரத்தத்தில் ஈய அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.