கேபிளைப் பிடுங்கிய பிறகும் ரெசீவ் ஏன் பிழை தருவதில்லை?

கிளையன்ட் பக்கம் கேபிளைப் பிடுங்கிவிட்டேன், சர்வரில் ரெசீவ் (வரும் டேட்டாவை வாங்கும் ஃபங்ஷன்) எந்தப் பிழையும் தராமல் காத்துக்கொண்டே இருக்கிறது, கோடில் என்ன தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். தவறு எதுவும் இல்லை, டிசிபி (இரு மெஷின்களுக்கு இடையே டேட்டாவைக் கொண்டுபோகும் நெட்வொர்க் புரோட்டோகால்) அப்படித்தான். எதிர்முனை சாக்கெட்டை, அதாவது இணைப்பின் தன் பக்க முனையை, மூடினால் 'முடிந்தது' என்று சொல்லும் ஃபின் பாக்கெட் வரும், ரெசீவ் 0 தரும். புரோகிராம் கிராஷ் ஆனாலும் அந்த மெஷினின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதை மூடிவிடும். கேபிளோ கரண்டோ போனால் தகவல் சொல்ல அங்கே யாரும் இல்லை.

லாரி எடை மேடையிலிருந்து எடையை வாங்கும் சர்வர் ஒன்றை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மேடைப் பக்கம் இருந்த நெட்வொர்க் சுவிட்சின் அடாப்டர் போய்விட்டது. எங்கள் திரையில் 'இணைப்பு உள்ளது' என்று பச்சை விளக்கு. லாரி வரவில்லை போலும் என்று இருந்துவிட்டோம். ஒன்றரை மணி நேரம் கழித்து போன் வந்தது: கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. சர்வரில் இணைப்புகளின் நிலையைக் காட்டும் 'எஸ்எஸ்' கட்டளையை டைமர் விவரத்தோடு ஓட்டினேன். இணைப்பு 'எஸ்டாப்' (இணைந்திருக்கிறது) நிலையிலேயே இருந்தது; டைமர் காட்ட வேண்டிய இடம் காலி. சும்மா கிடக்கும் இணைப்பில் எதிர்முனை இருக்கிறதா என்று கெர்னலே சோதித்துப் பார்க்கும் கீப்அலைவ் வசதியைப் போடவே இல்லை என்று அர்த்தம்.

கீப்அலைவ் போட்டிருந்தாலும் அன்றைக்கு உதவியிருக்காது. லினக்ஸின் இயல்பு அளவு 7200 விநாடி சும்மா இருந்தால் முதல் சோதனை, பதில் வராவிட்டால் 75 விநாடிக்கு ஒன்றாக, முதலாவதையும் சேர்த்து 9 சோதனை. மொத்தம் 2 மணி 11 நிமிடம். 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1122 என்ற இணையத் தர ஆவணம் சொன்ன இரண்டு மணி நேரம்தான் இன்றும் ஓடுகிறது. சாக்கெட் வாரியாக இதைக் குறைக்கலாம். நான் 30, 10, 3 என்று வைக்கிறேன், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதில் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. நீங்கள் அனுப்பிய டேட்டாவுக்கு ஏற்பு வராமல் நிற்கும்போது கீப்அலைவ் வேலை செய்யாது, மறுபடி அனுப்பும் டைமர்தான் ஓடும். அது கைவிட ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். அதுவரை, பஃபர் நிரம்பாத வரை சென்ட் (டேட்டாவை அனுப்பும் ஃபங்ஷன்) 'வெற்றி' என்றே சொல்லும், ஏனென்றால் டேட்டா கெர்னல் பஃபருக்குள் போனதைத்தான் அது சொல்கிறது, எதிர்முனைக்குப் போய்ச் சேர்ந்ததை அல்ல. ஏற்பு வராமல் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று சொல்ல டிசிபி யூசர் டைம்அவுட் என்ற ஆப்ஷன் இருக்கிறது. மதிப்பை மில்லி விநாடியில் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் உங்கள் புரோட்டோகாலில் ஒரு பிங் ('இருக்கிறாயா' என்று கேட்டுப் பதில் வாங்கும் சிறு செய்தி) கட்டாயம் வையுங்கள். எதிர்முனைப் புரோகிராம் டெட்லாக்கில் மாட்டி உறைந்து கிடந்தாலும், கீப்அலைவுக்கு அந்தக் கெர்னல் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். புரோகிராம் உயிரோடு இருப்பதைப் புரோகிராம்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், சோதிக்கும்போது கிளையன்ட்டைக் கில் செய்து பார்க்காதீர்கள். அப்போது கெர்னல் ஃபின்னோ, இணைப்பை முறிக்கும் ரீசெட்டோ அனுப்பிவிடும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் ஃபயர்வால் கருவி) இரு திசையிலும் அந்த போர்ட்டின் பாக்கெட்டுகளை டிராப் செய்துவிட்டு, கையில் கடிகாரத்தோடு பாருங்கள்.

எடை மேடையில் இப்போது 10 விநாடிக்கு ஒரு பிங், 30 விநாடி சத்தம் இல்லையென்றால் மூடிவிட்டு மறுபடி இணைப்பு. பச்சை விளக்கை எடுத்துவிட்டு, கடைசிச் செய்தி வந்த நேரத்தைத் திரையில் காட்டுகிறோம்.