மடியில் நோய், சினைப்பையில் தடங்கல்: கால்நடை மருத்துவரின் கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கறவை மாட்டுக்காரர்கள் சினை பிடிக்காத மாடுகளைப் பற்றிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

பாலக்கோடு: டாக்டர் சார், கன்று போட்டு நாலு மாதம் ஆகிறது. மூன்று தடவை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. நடுவில் ஒரு காம்பில் மடிநோய் வந்து சரியானது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு தம்பி. இதை நம் ஆட்கள் யோசிப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம். மடிக்குள் கிருமி போனதும் அங்குள்ள செல்கள் சைட்டோகைன் என்ற சிறு புரதங்களைச் சுரக்கும். வெள்ளணுக்களுக்குச் சேதி சொல்லி வரவழைப்பது இவைதான். டிஎன்எஃப் ஆல்பா, இன்டர்லூக்கின் எல்லாம் இந்த வகை. சேதி மடியோடு நிற்காது, ரத்தத்தில் கலந்து மூளைக்கும், முட்டை உருவாகும் சினைப்பைக்கும் போகும். முட்டையை வெளியேற்றச் சொல்லி மூளை அனுப்பும் ஹார்மோன் தாமதமாகும். மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறையும். பருவத்துக்கு வந்த மாடு சரியாகக் கத்தாது, அப்போது அறையிலிருந்து வடியும் வழும்பும் தெளிவாக இருக்காது. நேரம் பார்த்து ஊசி போட்டிருப்பீர்கள், ஆனால் முட்டை அப்போது வந்திருக்காது.

இன்னொன்று. முட்டை வளரும் பைக்குள் வெள்ளணு கிடையாது. அதனால் பையின் உள்சுவர்ச் செல்களே கிருமியின் நஞ்சை அடையாளம் கண்டு சைட்டோகைன் சுரக்கின்றன. ஒரு முட்டை முதிர ஏறத்தாழ மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். நோய் நாளில் வளர்ந்துகொண்டிருந்த முட்டைதான் பிறகு வெளிவரும். மடி ஆறிய பிறகும் ஊசி தவறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே ஊர்: வெளியே தெரியாத மடிநோயை வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் துணி சோப்புத்தூள் கரைத்து, ஒவ்வொரு காம்புப் பாலோடும் சம அளவு கலந்து ஆட்டுங்கள். கூழ் மாதிரி கெட்டியானால் அந்தக் காம்பில் சந்தேகம். கறந்ததும் தீவனம் வையுங்கள். அரை மணி நேரம் மாடு படுக்காமல் நின்றால் காம்புத் துளை மூடிக்கொள்ளும்.

பென்னாகரம்: அப்படியென்றால் வீக்கம் குறைக்கும் ஊசி போட்டு இந்தப் புரதங்களை அடக்கிவிடலாமா ஐயா?

நீங்களாகச் செய்யாதீர்கள். முட்டை வெளிவருவதே ஒரு சின்ன வீக்கம் மாதிரியான வேலைதான். அந்த நேரத்தில் வெள்ளணுக்கள் கூடி, இன்டர்லூக்கின்களும், வீக்கத்தைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளும் சுரந்து, பையின் சுவர் மெலிந்து கிழிந்தால்தான் முட்டை வரும். புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் வலி மருந்தை அந்த நேரத்தில் கொடுத்தால் பை கிழியாமலே நின்றுவிடக்கூடும். மடிநோய்க்கு அதே மருந்து உதவும். எப்போது கொடுப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

காவேரிப்பட்டணம்: ஊசி போட்டு 21 நாளில் கத்தவில்லை என்றால் சினை என்கிறார்கள். உள்ளே கரு இருப்பது மாட்டுக்கு எப்படித் தெரியும் டாக்டர்?

அருமையான கேள்வி அம்மா. முட்டை வந்த இடத்தில் மஞ்சள் திரட்சி ஒன்று உருவாகி, சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கும். கரு இல்லையென்றால் 17, 18 நாளில் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் அனுப்பி அதைக் கரைத்துவிடும், மாடு மறுபடி கத்தும். கரு இருந்தால் 16-ஆம் நாள் வாக்கில் அது இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து அந்தக் கரைப்பைத் தடுக்கிறது. வைரஸை எதிர்க்கச் சுரக்கும் இன்டர்ஃபெரான்களின் உறவுதான் இது. ஆட்டுக் கருவின் இந்தப் புரதம் இன்டர்ஃபெரான் வகை என்று 1987-ல் தெரியவந்தது. நகத்தளவுகூட எடையில்லாத ஒரு கரு, நோய் எதிர்ப்பு மொழியிலேயே தாயிடம் ‘நான் இருக்கிறேன்’ என்கிறது. இத்தனை வருடமாகியும் எனக்கு இதில் வியப்பு தீரவில்லை.

ஆனால் கத்தாததை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு மாதத்தில் சினைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அரூர்: நஞ்சுக்கொடி விழவில்லை. கல் கட்டி இழுக்கலாமா?

கூடாது ஐயா. நஞ்சுக்கொடி கழலுவதற்கே வெள்ளணுக்கள் வந்தாக வேண்டும், அவற்றை அழைப்பதில் இன்டர்லூக்கின் 8-க்குப் பங்கு உண்டு. இழுத்தால் கருப்பை புண்ணாகிக் கிருமி ஏறும், பிறகு பாலக்கோட்டுத் தம்பிக்குச் சொன்ன அதே கதைதான். 12 மணி நேரம் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள். கருப்பை ஆற ஏறத்தாழ 60 நாள் விட்டுச் சினை ஊசி போடுங்கள்.

ஊத்தங்கரை: பெண்களுக்கும் இப்படித்தானா சார்?

முட்டை வெளிவரும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். மஞ்சள் திரட்சியைக் காப்பது மட்டும் வேறு. மனிதக் கரு அதற்கு எச்சிஜி என்ற ஹார்மோனை அனுப்புகிறது, இன்டர்ஃபெரான் டௌ கிடையாது. குழந்தைக்கு முயற்சி செய்யும்போது தொடர்ந்து வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். என்னிடம் கேட்டு நிறுத்த வேண்டாம், நான் மாட்டு டாக்டர்.