பத்திரத்தில் ஏறாத ஊர்

வணக்கம்.

சென்னைக்குத் தெற்கே நாற்பது வீடுகள் கொண்ட குக்கிராமம் எங்களுடையது. 2011இல் எங்கள் ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. ரோடு, தெருவிளக்கு எல்லாம் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் புதிதாகக் குடிவந்தவர்கள் மனைப்பிரிவின் பெயரைத்தான் முகவரியாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெயர் என் பிள்ளைகளுக்கே பழக்கமில்லை. இதற்கு வருந்துவது வெறும் பழைய ஏக்கமா?

அன்புள்ள நண்பருக்கு,

ஏக்கம்தான். அதில் தவறென்ன? அந்த ஆண்டு மட்டும் 25 ஊராட்சிகள் சென்னையோடு சேர்ந்தன. உங்களைப் போல எத்தனையோ பேர் இருப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் 'குக்கிராமம்' என்ற சொல்லில்தான் நின்றுவிட்டேன். வருவாய் கிராமம், அதாவது அரசின் நிலக் கணக்கில் தனிக் கிராமமாக இருப்பது என்றால், அதற்குச் சர்வே எண், பதிவேடு எல்லாம் உண்டு. கோடம்பாக்கம், வடபழனிப் பக்கம் இன்று வீடு வாங்கினாலும் பத்திரத்தில் 'புலியூர் கிராமம்' என்று எழுதுகிறார்கள். தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஆனாலும் புலியூர் காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. குக்கிராமத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் நிலமெல்லாம் தாய்க் கிராமத்தின் பெயரில் கிடக்கும். அதன் பெயர் வாழ்ந்தது மனிதர்களின் வாயில்தான். சொல்கிற ஆட்கள் குறைந்தால் பெயரும் போய்விடும். உங்கள் பயம் நியாயமானது.

பெயர் மக்கள் வாயில் நிலைத்து நிற்பதற்கும் வழி உண்டு. தாங்கல் என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல் என்ற பெயரை ரயில் நிலையம் தினமும் ஆயிரக்கணக்கானவர்களைச் சொல்ல வைக்கிறது. மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பி நூறு வருஷமாகிறது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்னும் இருக்கிறது. பஸ் நிறுத்தம், பள்ளி, பூங்கா என்று ஏதாவது ஒன்றுக்கு உங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டு வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுங்கள். எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நுழைவாயில் வளைவுக்குச் செலவழிப்பதைவிட இது மேல் என்பேன்.

அப்புறம், இதைத் தள்ளிப்போடாதீர்கள்: ஊரில் மிச்சமிருக்கிற பெரியவர்களோடு ஒருநாள் நடந்து வாருங்கள். களம் எங்கே இருந்தது, வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது, எந்தக் கிணற்றை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வாய்க்கால் போன தடம் தெரிந்தால், மழைக்காலத்தில் எந்தத் தெருவில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்பதும் புரியும். புதிதாக வந்தவர்களுக்கும் அது வேண்டிய தகவல்தான். அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடிதத்தில் ஊரின் பெயரைச் சொல்லாமலே விட்டுவிட்டீர்களே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், பெரியவர்கள் உச்சரிக்கிறபடியே.