சேர்ப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள், கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: 2019 ஓகஸ்டில் ரொறன்ரோவில் ஓர் உணவகத்தில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தேன். கொவிட் வந்து 2020 மார்ச் நடுவில் கடையை மூடிவிட்டார்கள். கொவிட்டால் வருமானம் இழந்தவர்களுக்குக் கனடா அரசு கொடுத்த சேர்ப் (CERB) உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, ஏழு தடவையாக 14,000 டொலர் எடுத்தேன். முதலாளி தரும் ஆண்டுச் சம்பளச் சான்றான ரி4இல் (T4) 2019க்கு 3,900 டொலர்தான் இருக்கிறது. தகுதிக்குத் தேவையான 5,000 டொலரை உழைக்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கட்டு என்று கனடா வருமான வரித்துறையான சி.ஆர்.ஏ. இப்போது கடிதம் போட்டிருக்கிறது. கிரெடிட் கார்டில் எடுத்தாவது கட்டிவிடு என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?

பதில்: கார்டைத் தொடாதீர்கள். சேர்ப் பாக்கிக்குச் சாதாரணமாக வட்டி போடுவதில்லை. கார்டில் எடுத்தால் வருடத்துக்கு இருபது வீதத்தை ஒட்டிய வட்டியை நீங்களாகவே இழுத்துவிட்டுக்கொள்வீர்கள்.

அதைவிட, நீங்கள் கட்டவே தேவையில்லாமல் போகலாம். 5,000 டொலர் என்ற நிபந்தனைக்கு 2019ஆம் ஆண்டு மட்டும் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் இரண்டு வழி தருகிறது: 2019ஆம் ஆண்டு வருமானம், அல்லது விண்ணப்பித்த நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாத வருமானம். உங்களுக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும். ஐந்து மாதத்தில் 3,900 என்றால் மாதம் 780 டொலர். 2020 தொடக்கத்திலும் அதே அளவு வேலை செய்திருந்தால், மார்ச் நடுவுக்குள் இன்னும் 1,950 வருகிறது. மொத்தம் 5,850.

இதைச் சொன்னால் மட்டும் போதாது, தாளில் காட்ட வேண்டும். 2020 ரி4, அந்த மாதங்களின் சம்பளச் சீட்டுகள், வேலை நின்றபோது முதலாளி கொடுத்த வேலைப் பதிவுப் பத்திரம் (ROE), சம்பளம் விழுந்த வங்கி அறிக்கை எல்லாவற்றையும் தேடி எடுங்கள். கூட்டும்போது கைக்கு வந்த தொகையைக் கூட்டாதீர்கள், பிடித்தம் போகுமுன் இருந்த சம்பளம்தான் கணக்கு. ரி4இல் 14ஆம் பெட்டி. வங்கிக் கணக்கில் விழுந்ததை மட்டும் கூட்டிப் பார்த்து, தகுதி இருந்தும் பயந்து கட்டியவர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது.

அப்புறம், கடிதத்தில் உள்ள திகதியைப் பாருங்கள். முடிவு வந்து 30 நாட்களுக்குள் இரண்டாவது பரிசீலனை கேட்கலாம், வேறோர் அதிகாரி பார்ப்பார். நாள் தப்பியிருந்தால் காரணத்தை எழுதிக் கேளுங்கள். அதிலும் மறுத்தால் பெடரல் நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரியின் முடிவு நியாயமானதா என்றுதான் அங்கே பார்ப்பார்கள், புதிய தாள்களைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். அதனால் இருப்பதையெல்லாம் இப்போதே கொடுத்துவிடுங்கள். கடிதம் உண்மையானதுதானா என்பதை உங்கள் சி.ஆர்.ஏ. இணையக் கணக்கில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

சரி, எல்லாம் செய்தும் கட்டத்தான் வேண்டும் என்றால்? தவணை கேளுங்கள், வரவு செலவைக் காட்டினால் மாதாமாதம் கட்ட ஒழுங்கு செய்வார்கள். பேசாமல் இருந்தால் வரி மீளளிப்பிலும் அரசு தரும் ஜி.எஸ்.ரி. (விற்பனை வரி) உதவிப் பணத்திலும் கழித்துக்கொள்வார்கள். சேர்ப் 2020இல் வரிக்குரிய வருமானம். ஆகவே இப்போது திருப்பிக் கட்டும் தொகையை, கட்டிய ஆண்டின் வரிப் படிவத்தில் 23200ஆம் வரியில் கழிக்கலாம். அந்த ஆண்டு உங்களுக்கு வரிக்குரிய வருமானமே குறைவு என்றால் அந்தக் கழிவால் பயனில்லை. தவணையை எந்த ஆண்டுகளில் போடுவது என்பதைக் கணக்காளருடன் பேசி முடிவு செய்யுங்கள்.